மழை வந்தால் ரப்பர் பால்வெட்டு 'புட் ஆஃப்' ஆகுமா, 'கால் ஆஃப்' ஆகுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரங்களில் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகள் வருகிறார்கள். கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களும், லோரி ஓட்டுபவர்களும், ஈப்போ கடைகளில் வேலை செய்பவர்களும் வருகிறார்கள். காலம், ஒருமை, பன்மை எல்லாவற்றையும் எப்படியோ பிடித்துக்கொள்கிறார்கள். 'ஃபிரேசல் வெர்ப்' பக்கம் வந்ததும் முகம் வாடிவிடும். "கிவ் தெரியும், அப் தெரியும், கிவ் அப் மட்டும் ஏன் டீச்சர் புரியமாட்டேங்குது?" என்பார்கள். நியாயமான கேள்வி.

அவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுவேன். சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்டபோதே, வினைச்சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு குட்டிச் சொல்லைச் சேர்க்கும் பழக்கம்தான் அயல்நாட்டவருக்கு மிகப் பெரிய சிரமம் என்று முன்னுரையில் எழுதினார். ஆகவே கஷ்டமாக இருக்கிறது என்றால் உங்கள் மூளையில் குறை எதுவும் இல்லை. இது உண்மையிலேயே கஷ்டமான பகுதிதான். ஆனால் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதால்தான் அந்தக் கஷ்டம் இரண்டு மடங்காகிறது. அகராதியைப் பார்த்து 'லுக்' என்று தொடங்கும் இருபதையும் எழுதிப் படித்தால், மறுநாள் காலையில் லுக் ஆஃப்டர், லுக் ஃபார், லுக் இன்டு மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

சரி, வேறு வழி என்ன? நம்மிடம் இருப்பதிலிருந்து தொடங்கலாம்.

'கூட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள்' என்கிறோம். அங்கே யாரும் எதையும் தள்ளவில்லை, எதையும் எடுத்துப் போடவில்லை. ஆனாலும் ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட அது புரிகிறது. 'கண்டுபிடி' என்பதில் கண்ணும் இல்லை, கையால் பிடிப்பதும் இல்லை. 'விட்டுக்கொடு', 'காட்டிக்கொடு', 'தட்டிக்கேள்', 'தட்டிக்கழி', 'பார்த்துக்கொள்' எல்லாமே இப்படித்தான். இரண்டு சொற்கள் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருளைத் தருகின்றன. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் அது கிடைக்காது. தமிழ் இரண்டு வினைகளைச் சேர்க்கிறது. ஆங்கிலம் வினையோடு அப், ஆஃப், அவுட், இன் போன்ற துணைச்சொல்லைச் சேர்க்கிறது. வேலை ஒன்றுதான்.

சில ஜோடிகள் அழகாகப் பொருந்தும். தள்ளிப்போடு என்றால் 'புட் ஆஃப்'. கண்டுபிடி என்றால் 'ஃபைன்ட் அவுட்'. பார்த்துக்கொள் என்றால் 'லுக் ஆஃப்டர்'. கைவிடு என்றால் 'கிவ் அப்', விட்டுக்கொடு என்றால் 'கிவ் இன்', காட்டிக்கொடு என்றால் 'கிவ் அவே'. இதில் கிவ் அப், கிவ் இன் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். எதிரே ஓர் ஆள் நிற்கிறாரா என்று பாருங்கள். கணக்கு வரவில்லை என்று புத்தகத்தை மூடிவைத்தால் 'கிவ் அப்'. சம்பள உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் உறுதியாக நின்று, நிர்வாகம் கடைசியில் இறங்கிவந்தால் 'தி மேனேஜ்மென்ட் கேவ் இன்'. அங்கே இன்னொருவரின் பிடிவாதத்துக்கு முன்னால் வளைந்துகொடுப்பது இருக்கிறது. கணக்குக்கு அப்படிப் பிடிவாதம் ஏதும் கிடையாது.

இந்த ஜோடிகள் எல்லா இடத்திலும் ஒட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 'கிவ் அவே' என்பதற்கு இலவசமாகக் கொடுத்துவிடுவது என்ற பொருளும் உண்டு. தமிழ் ஜோடி உள்ளே நுழையக் கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். பொருளை உறுதிசெய்வது சூழல்தான்.

சூழல் என்றதும் எனக்கு எப்போதும் ரப்பர் தோட்டம்தான் கைகொடுக்கிறது. எங்கள் பக்கம் இன்று பெரும்பாலும் செம்பனைதான், அதாவது எண்ணெய்ப் பனை. ஆனால் என் அப்பா அம்மா தலைமுறைக்குப் பால்மரம்தான் வாழ்க்கை. விடியலில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் கோட்டில் ஓடாமல் ஈரப் பட்டையெல்லாம் பரவி வீணாகும். மழை விட்டு மரம் காயட்டும் என்று காத்திருப்பார்கள். அதுதான் 'புட் ஆஃப்'. வேலை உண்டு, கொஞ்சம் தள்ளி. மழை விடவே இல்லை, வெயில் ஏறும் நேரமும் ஆகிவிட்டது என்றால், அப்புறம் வெட்டிப் பயனில்லை. சூடு ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும். அன்றைய வெட்டு ரத்து. அதுதான் 'கால் ஆஃப்'. "டேப்பிங் வாஸ் புட் ஆஃப் அன்டில் நைன்" என்றால் ஒன்பது மணிக்கு வாளியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். "டேப்பிங் வாஸ் கால்ட் ஆஃப்" என்றால் வீட்டுக்குப் போகலாம். இதை ஒருமுறை சொன்னால் தோட்டத்துப் பிள்ளைகள் பிறகு மறப்பதே இல்லை. வார்த்தையை விளக்கியிருந்தால் மறந்திருப்பார்கள்.

காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களமும் அப்படித்தான். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடுகிறார்: 'கால் அவுட்'. ஆட்கள் வந்து சேர்கிறார்கள்: 'டர்ன் அப்'. வரிசையில் நிற்கிறார்கள்: 'லைன் அப்'. வேலைக்குக் கிளம்புகிறார்கள்: 'செட் ஆஃப்'. காலை ஐந்தரை மணிக்குள் நான்கு ஃபிரேசல் வெர்ப். செம்பனைத் தோட்டத்தில் மட்டையை வெட்டி எடுத்தால் 'கட் ஆஃப்', மரத்தையே சாய்த்தால் 'கட் டவுன்', உதிரிப் பழத்தைப் பொறுக்கினால் 'பிக் அப்'. டாக்டர் சீனியைக் குறைக்கச் சொன்னால் அதுவும் 'கட் டவுன்'தான், பின்னால் ஓர் 'ஆன்' சேர்த்து: "கட் டவுன் ஆன் ஷுகர்."

துணைச்சொல்லுக்கு என்று ஒரு குணம் இருக்கிறது. வினையைவிட அதைக் கவனிப்பது லாபம் என்பது என் அனுபவம். 'அப்' என்றால் மேலே என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் பாதி இடங்களில் அது 'முழுக்க' என்ற பொருளில் வரும். ஈட் அப் என்றால் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது. யூஸ் அப் என்றால் தீரும்வரை பயன்படுத்துவது. டிரிங்க் அப், டேர் அப் எல்லாம் அதே. நாம் 'சாப்பிட்டுவிடு', 'கிழித்துவிடு' என்பதில் வரும் 'விடு' கிட்டத்தட்ட இந்த வேலையைத்தான் செய்கிறது. 'ஆஃப்' பிரிவு அல்லது நிறுத்தம்: சுவிட்ச் ஆஃப், கட் ஆஃப், டேக் ஆஃப், கால் ஆஃப். 'ஆன்' தொடர்ச்சி: கேரி ஆன், கீப் ஆன், கோ ஆன். 'அவுட்' கொஞ்சம் தந்திரமானது. சில இடங்களில் வெளிப்படுதல், ஃபைன்ட் அவுட் போல. சில இடங்களில் தீர்ந்துபோதல் அல்லது அணைந்துபோதல், ரன் அவுட், புட் அவுட் போல. 'பேக்' எளிது, திரும்ப என்று எடுத்துக்கொண்டால் போதும். 'டவுன்' குறைதலும் எழுதிவைப்பதும்: ஸ்லோ டவுன், காம் டவுன், ரைட் டவுன்.

எல்லாவற்றையும் இந்தக் குணத்துக்குள் அடைக்க முடியாது. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது. அதில் அப் என்ன செய்கிறது என்று நான் மாணவர்களிடம் விளக்க முயல்வதில்லை. அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன்.

இப்போது நிறைய மதிப்பெண் போகும் இடத்துக்கு வருவோம். பொருள் தெரிந்தாலும், எதைச் செய்கிறோமோ அந்தப் பெயர்ச்சொல் எங்கே உட்காரும் என்று தெரியாமல் தவறிவிடுகிறார்கள்.

"டர்ன் ஆஃப் தி ஃபேன்" சரி. "டர்ன் தி ஃபேன் ஆஃப்" என்பதும் சரி. ஃபேனுக்குப் பதிலாக 'இட்' வந்தால் ஒரே ஒரு வழிதான்: "டர்ன் இட் ஆஃப்." "டர்ன் ஆஃப் இட்" என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். இட், தெம், ஹிம், ஹர், மீ, அஸ் இந்தக் குட்டிச் சொற்கள் எப்போதும் நடுவில் புகுந்துகொள்ளும். பிக் தெம் அப், கால் ஹர் பேக், த்ரோ இட் அவே. பெயர்ச்சொல் நீளமாக இருந்தால் மாறாக நடுவில் வைக்காமல் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். 'டர்ன்' என்று தொடங்கி, பாட்டி தீபாவளிக்கு வாங்கிக்கொடுத்த பழைய மேசை ஃபேன் என்பதை முழுக்கச் சொல்லி முடித்து, கடைசியில் 'ஆஃப்' என்றால் கேட்பவர் வழியிலேயே தொலைந்துபோவார்.

ஆனால் எல்லா ஃபிரேசல் வெர்ப்பும் பிரியாது. "ஐ லுக் ஆஃப்டர் ஹர்" என்றுதான் சொல்ல வேண்டும். "லுக் ஹர் ஆஃப்டர்" என்பது தவறு. லுக் ஃபார், லுக் இன்டு, ரன் இன்டு, கம் அக்ராஸ் எல்லாம் இதே கூட்டம். இன்னும் சிலவற்றுக்குப் பெயர்ச்சொல்லே பின்னால் வராது. "தி லோரி புரோக் டவுன்" என்றால் லோரி பழுதாகி நின்றுவிட்டது. "தி டிரைவர் புரோக் டவுன் தி லோரி" என்று எழுதுகிறார்கள், அது தவறு. "தி டிரைவர் புரோக் டவுன்" என்று மட்டும் எழுதினால் அர்த்தமே வேறு: டிரைவர் மனம் உடைந்து அழுதுவிட்டார் என்று ஆகிவிடும். முதலாளிக்கு ஆங்கிலத்தில் வாட்ஸ்அப் அனுப்புகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எது பிரியும், எது பிரியாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாணவர்களுக்கான அகராதிகள் இதைத் தெளிவாகவே காட்டுகின்றன, பார்க்கத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. பெரிய வினைச்சொல்லின் விளக்கமெல்லாம் முடிந்தபின், கடைசியில் ஃபிரேசல் வெர்ப் பகுதி தனியாக இருக்கும். அங்கே எஸ்.டி.எச். என்று சுருக்கமாகப் போட்டிருந்தால் ஏதோ ஒரு பொருள், எஸ்.பி. என்றால் யாரோ ஓர் ஆள். 'புட் எஸ்.டி.எச். ஆஃப்' என்று அந்தச் சுருக்கம் நடுவில் இருந்தால் பிரியும். சில அகராதிகளில் இருபக்க அம்புக்குறி போட்டிருப்பார்கள். அதற்கும் இரண்டு இடத்திலும் வைக்கலாம் என்றுதான் அர்த்தம். 'லுக் ஆஃப்டர் எஸ்.பி.' என்று சுருக்கம் கடைசியில் மட்டும் இருந்தால் பிரியாது. ஒன்றுமே இல்லையென்றால் பின்னால் எதுவும் வராது. கைப்பேசி அகராதியிலும் இதே முறைதான். பொருளை மட்டும் படித்துவிட்டு மூடாமல் அந்த ஒரு வரியையும் பார்த்துவிட்டு மூடுங்கள்.

காதாலும் கண்டுபிடிக்கலாம். "டர்ன் இட் ஆஃப்" என்பதில் அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும். "லுக் அட் இட்" என்பதில் 'லுக்' மேல் விழும், 'அட்' மெல்ல நழுவிப்போகும். ஆங்கிலச் செய்தி கேட்கும்போது இதைக் கவனித்துக்கொண்டே இருங்கள், கொஞ்ச நாளில் காது பழகிவிடும்.

நம் ஊர் ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலேசியாவில் பேசுவது நம்முடைய ஆங்கிலம். பசாரில், கடையில், நண்பர்களோடு அதைப் பேசுவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் தேர்விலும் நேர்முகத்திலும், வெளிநாட்டு வாடிக்கையாளரிடமும் சில இடங்களில் மாற்றிக்கொள்ள வேண்டும். "ஆன் தி லைட்", "ஆஃப் தி ஃபேன்" என்கிறோம், வினையையே விட்டுவிட்டோம். டர்ன் அல்லது சுவிட்ச் சேர்த்தால் சரியாகிவிடும். மலாயில் 'புக்கா லம்பு' என்பதால் "ஓப்பன் தி லைட்" என்றும் வருகிறது. அதையும் "டர்ன் ஆன் தி லைட்" ஆக்குங்கள். படிவத்தை "ஃபில் அப்" செய்யச் சொல்கிறோம். எழுத்தில் 'ஃபில் இன்' என்று வையுங்கள், 'ஃபில் அப்' என்பதைப் பெட்ரோல் டாங்கிக்கு விட்டுவிடலாம். பஸ்ஸிலிருந்து "கெட் டவுன்" செய்வதை 'கெட் ஆஃப்' என்று சொல்லுங்கள். பஸ், ரயில் என்றால் கெட் ஆன், கெட் ஆஃப். கார், டாக்சி என்றால் கெட் இன், கெட் அவுட் ஆஃப் (இந்த 'ஆஃப்' ஒற்றை எஃப் உள்ள of). உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கு ஆன், குனிந்து உட்காருகிற வண்டிக்கு இன் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது 'பாஸ் அப்'. நம் பள்ளிகளில் "பாஸ் அப் யுவர் புக்ஸ்" என்றால் புத்தகத்தை ஆசிரியரிடம் கொடுப்பது. சிங்கப்பூரிலும் அப்படியே. ஆனால் மற்ற நாடுகளில் 'பாஸ் அப்' என்றால் கைக்கு வந்த வாய்ப்பை வேண்டாம் என்று விடுவது. "ஷி பாஸ்ட் அப் தி ஸ்காலர்ஷிப்" என்று எழுதினால், அந்தப் பெண் உதவித்தொகைக்கான தாளை ஒப்படைத்தாள் என்று யாரும் புரிந்துகொள்ளமாட்டார்கள், உதவித்தொகையே வேண்டாம் என்றுவிட்டாள் என்றுதான் புரிந்துகொள்வார்கள். ஒப்படைப்பதற்கு 'ஹேண்ட் இன்' இருக்கிறது. பாஸ் குடும்பத்தில் மற்றவையும் கவனம் தேவைப்படுபவை: 'பாஸ் அவே' என்றால் காலமாவது, 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது, 'பாஸ் ஆன்' என்றால் செய்தியை அடுத்தவரிடம் சேர்ப்பது. துக்கம் விசாரித்து ஆங்கிலத்தில் செய்தி அனுப்பும்போது அவேயும் அவுட்டும் மாறிவிட்டால் மனம் புண்படும்.

எழுதும்போது எங்கே இவற்றைப் பயன்படுத்துவது, எங்கே தவிர்ப்பது? எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளின் முதல் பகுதியில், நண்பருக்கு எழுதும் 80 சொல் மின்னஞ்சலில் தாராளமாக வரலாம். அங்கே "வீ போஸ்ட்போன்ட் தி டிரிப்" என்பதைவிட "வீ புட் ஆஃப் தி டிரிப்" இயல்பாக இருக்கும். கதையிலும் அப்படியே. அறிக்கை என்றால் ஒற்றைச் சொல் பொருத்தம்: லுக் இன்டு என்பதற்குப் பதில் இன்வெஸ்டிகேட், புட் அப் வித் என்பதற்குப் பதில் டாலரேட். இதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் நீதிமன்றத்திலும் ஆட்சியிலும் பிரெஞ்சும் லத்தீனும் உட்கார்ந்துகொண்டன. வீட்டிலும் வயலிலும் பழைய ஆங்கிலச் சொற்களே நீடித்தன. அந்தப் பழைய குட்டி வினைகளிலிருந்துதான் ஃபிரேசல் வெர்ப்கள் பெரும்பாலும் பிறந்தன. தொழிற்சாலைச் சுவரில் இருப்பது 'ஃபயர் எக்ஸ்டிங்குவிஷர்'. தீப்பிடித்தால் கத்துவது "புட் இட் அவுட்!" இரண்டும் ஒரே வேலைக்கான சொற்கள்தான்.

பயிற்சிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு பக்கத்துக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வினை என்று வைக்காதீர்கள். தொலைபேசிப் பக்கம்: பிக் அப், ஹோல்ட் ஆன், புட் த்ரூ, ஹேங் அப், கால் பேக், பேச்சு நடுவில் அறுந்தால் கட் ஆஃப். ஷிப்டுப் பக்கம்: கிளாக் இன், டேக் ஓவர், ஹேண்ட் ஓவர், ஷட் டவுன், கிளாக் அவுட். சமையலறைப் பக்கத்தில் 'ரன் அவுட் ஆஃப்' கட்டாயம் இருக்கும். "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்" என்றால் நம்மிடம் அரிசி தீர்ந்துவிட்டது. "தி ரைஸ் ஹேஸ் ரன் அவுட்" என்றால் அரிசி தீர்ந்துவிட்டது. ஆளை வைத்துத் தொடங்கினால் 'ஆஃப்' (of) வேண்டும், அரிசியை வைத்துத் தொடங்கினால் வேண்டாம்.

ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில், உங்கள் வேலையில் உண்மையாக நடந்த ஒரு வாக்கியம் எழுதுங்கள். பாடப்புத்தகத்து ஜானும் மேரியும் வேண்டாம். "மை பிரதர் டஸ்ன்ட் கெட் அப் அன்டில் அம்மா ஷவுட்ஸ்" என்று என் மாணவி ஒருத்தி எழுதினாள். அவளுக்கு 'கெட் அப்' இனி மறக்காது. அடுத்து அதே வாக்கியத்தில் பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு இட், ஹிம், தெம் போட்டு மறுபடி எழுதுங்கள். 'புட் ஆஃப் தி மீட்டிங்' என்பது 'புட் இட் ஆஃப்' ஆகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் எல்லோரும் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். தேர்வில் மதிப்பெண் போவதும் அங்கேதான்.

வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. கடைசி வரியில் "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ" என்று எழுதி அனுப்புகிறார்கள். அந்த 'டு'வுக்குப் பின்னால் 'ஹியரிங்' வர வேண்டும்: "லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ." பெயர்ச்சொல் வந்தாலும் சரிதான், "லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை."

அப்புறம் எழுத்துக்கூட்டல். வினையாக வரும்போது இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதுங்கள். பெயராக வரும்போது சேர்த்து எழுதுங்கள், சிலவற்றுக்கு நடுவில் சிறுகோடு வரும். "ப்ளீஸ் லாக் இன்" என்பதில் லாக், இன் இரண்டும் தனி. உங்கள் 'லாகின்' என்ன என்று கேட்டால் ஒரே சொல். லோரி 'பிரேக் டவுன்' ஆனால் தனித்தனி, அழுத்தம் டவுன் மேல். சாலையில் ஒரு 'பிரேக்டவுன்' என்றால் சேர்த்து, அழுத்தம் முன்னால் இருக்கும் பிரேக் மேல்.